சுடாமலே வெடித்த தோட்டாக்கள்

இந்த எபிசோடை ஒரு பித்தளைக் குடத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மா கல்யாணத்துக்குச் சீரா வந்த குடம் அது. நாமக்கல் பக்கம் எங்க வீடு. எவர்சில்வர் வந்த பிறகு பித்தளைக்கு வேலை இல்லாம போச்சு. குடத்தைக் கொண்டுபோய்க் கோழிப்பண்ணையை ஒட்டின தீவனக் குடோன் பரண்ல போட்டுட்டாங்க. சில வருஷம் கழிச்சு ஒரு பொங்கலுக்கு எடுத்துப் புளி போட்டுத் தேய்ச்சா, கழுத்துக்குக் கீழ நீளமா ஒரு விரிசல். நசுங்கல் இல்லை, ஒடுக்கு இல்லை. கோடு கிழிச்ச மாதிரி வெடிப்பு மட்டும்தான்.

எங்க ஆயா (எங்க பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அம்மாதான் கீழ போட்டு உடைச்சுட்டு மறைக்கிறான்னு சொல்லிட்டாங்க. அம்மா இல்லைன்னு சொன்னாங்க. யாரும் நம்பலை. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தக் குடத்தோட கதை ஒருமுறை வந்துபோகும். உண்மையைச் சொன்னா, நானும் நம்பலை.

பல வருஷம் கழிச்சு, துப்பாக்கித் தோட்டாக்களோட வரலாற்றைப் படிச்சிட்டிருந்தப்போ அந்தக் குடம் ஞாபகம் வந்தது.

துப்பாக்கி சுட்டதும் குண்டு பறந்து போயிடும், வெடிமருந்து எரிஞ்சு போயிடும். கையில மிஞ்சுறது ஒரு பித்தளைக் கூடு. செய்தித்தாள்ல 'காலித் தோட்டா'ன்னு போடுவாங்களே, அதுதான். ஆரம்பத்துல இந்தக் கூடே கிடையாது. 1857-ல நாட்டையே கொளுத்தின என்ஃபீல்டு தோட்டா வெறும் காகிதப் பொட்டலம். அதுல தடவியிருந்த கொழுப்பைப் பத்தின கதை எல்லாருக்கும் தெரியும். அடுத்து 1860-கள்ல ஸ்னைடர் துப்பாக்கிக்காக எட்வர்ட் பாக்ஸர்ங்கிற அதிகாரி, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி ஒரு கூடு செஞ்சார். மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கும் அந்தச் சுருட்டல் கூடுதான் போச்சு. 1885-ல சூடான் பாலைவனத்துல, சூடும் மணலும் சேர்ந்து, அந்தக் கூடு கிழிஞ்சு துப்பாக்கிக்குள்ளயே மாட்டிக்கிச்சு. எதிரி ஓடி வர்றப்போ சிப்பாய் கத்தியை விட்டு நோண்டிட்டு நின்னா எப்படி? அதுக்கப்புறம்தான் ஒரே தகட்டுல இருந்து இழுத்துச் செஞ்ச, தையலே இல்லாத கூடு பிரிட்டிஷ் ராணுவத்துல நிலைச்சது.

இழுத்துச் செய்யறதுன்னா என்ன? நூத்துக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை வில்லையை, சூடாக்காமலே அச்சுக்குள்ள அழுத்தி, கிண்ணமாக்கி, மறுபடி அழுத்தி, நீளக் குழலாக்குவாங்க. உலோகம் ஒவ்வொரு தடவையும் இறுகும். நடுநடுவுல சூடாக்கி ஆறவிட்டா இளகும். கடைசியா கழுத்தைக் குறுக்கி விட்டுட்டா, அந்த இறுக்கம் உள்ளேயே நின்னுடும். வெளியே பளபளப்பா, அமைதியா இருக்கும். உள்ளே மட்டும் இழுத்துக் கட்டின வில் மாதிரி.

நல்ல கூடா இருந்தா அதைத் திரும்பவும் பயன்படுத்தலாம். அடியில இருக்கற கேப்பை மாத்தி, மருந்தும் குண்டும் வெச்சா அது மறுபடி தோட்டா. அதனாலதான் வடமேற்கு எல்லைப்புறத்துல, துப்பாக்கிப் பட்டறைகளுக்குப் பேர் போன தர்ரா ஆதம் கேல் பக்கம், சுட்டுப் போட்ட கூடுகளைப் பொறுக்கி எடுத்து நிரப்பினாங்க. ராணுவம் காலிக் கூட்டையும் எண்ணித் திரும்ப வாங்கினதுக்கு அது ஒரு பெரிய காரணம். இங்கே சமவெளியில நிலைமை வேற. 1878 ஆயுதச் சட்டம் நம்ம ஆளுங்க துப்பாக்கி வெச்சுக்க லைசென்ஸ் கேட்டுச்சு. வெள்ளைக்காரங்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. வேட்டைக்குப் போன துரைமார்கள் பலர் பித்தளைக் கூட்டையே விரும்பினாங்க. காகிதக் கூடு மழை ஈரத்துல ஊதிப் போயிடும், துப்பாக்கி வாய்க்குள்ள நுழையாது. பித்தளை ஊதாது.

ஊதாது, சரி. ஆனா வெடிக்கும்.

தமிழ்ல 'வெடிப்பு'ன்னா விரிசலும்தானே, நான் சொல்றது அந்த வெடிப்பை. இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் படைகள் மழைக்காலத்துல பெரும்பாலும் நடமாட்டத்தைக் குறைச்சுக்கும். அந்த மாசங்கள்ல தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்கள்ல வெச்சாங்க. காய்ஞ்ச பருவம் வந்ததும் பெட்டியைத் திறந்தா, யாரும் சுடாத, யாரும் தட்டாத புதுத் தோட்டாக்கள்ல விரிசல். இதுக்கு ஆங்கிலத்துல வெச்ச பேரே 'சீசன் கிராக்கிங்'. பேருல பருவம் இருக்கு. குற்றவாளி பருவம் இல்லை.

1921-ல மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு பேர் பித்தளை விரிசலை ஆராய்ஞ்சு ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க காட்டின குற்றவாளி, காத்துல கலந்திருந்த அமோனியா. லாயத்துல அது எங்கிருந்து வரும்? குதிரை மூத்திரத்துல இருந்து. ஈரமும் அமோனியாவும் காத்துல இருக்கற ஆக்சிஜனும் சேர்ந்தா செம்பைக் கரைக்கும். மேலோட்டமா இல்லை, உலோகத்தோட பொடிப் பொடிப் பரல்கள் ஒண்ணோடொண்ணு ஒட்டியிருக்கற எல்லைக்கோட்டுலயே அரிச்சுக்கிட்டுப் போகும். உள்ளே ஏற்கெனவே இறுக்கம் இருக்கறதால, அரிச்ச இடம் பிளந்துக்கும். ரெண்டுல எது இல்லைன்னாலும் விரிசல் வராது. அதனால மருந்தும் சுலபமா கிடைச்சது: கூட்டை அளவாச் சூடாக்கி இறுக்கத்தை எடுத்துடணும். எடுத்தாச்சான்னு பார்க்க, ஒரு பாதரச உப்புக் கரைசல்ல முக்குவாங்க. இறுக்கம் மிச்சமிருந்தா அங்கேயே விரிசல் விட்டுடும்.

நம்ம பக்கத்துக்கும் ராணுவக் குதிரைக்கும் தொடர்பு இல்லாம இல்லை. அன்னைக்கு ஓசூர் சேலம் மாவட்டத்துல இருந்தது. அங்கே மத்திகிரியில ராணுவத்துக்குக் குதிரைகளைத் தயார் பண்ணின ரீமவுண்ட் டிப்போ இருந்தது. தோட்டா அங்கே வெடிச்சதுன்னு நான் சொல்ல வரலை. லாயத்து நெடி எங்க மாவட்டத்துக்குப் புதுசில்லைன்னு மட்டும் சொல்றேன்.

இனி சுத்தம் பண்ற கதை. சுட்ட கூட்டுல கரி படிஞ்சிருக்கும், மண் ஒட்டியிருக்கும். அப்படியே மறுபடி பயன்படுத்தினா அச்சைக் கீறும், துப்பாக்கியையும் கீறும். அதைவிட முக்கியம், அழுக்குக்குள்ள விரிசல் தெரியாது. அதனால வெளிநாட்டுல இலக்குச் சுடறவங்க கூடுகளைச் சோளத்தக்கைத் தூளோட சேர்த்து ஒரு டிரம்ல போட்டு மணிக்கணக்கா உருட்டுவாங்க. இல்லைன்னா தண்ணியும் மெல்லிய எஃகுக் கம்பித் துண்டுகளும் போட்டு உருட்டுவாங்க. நகைத் தொழில்ல டிரம்ல உருட்டிப் பாலிஷ் போடறவங்களுக்கு இது பழக்கமான வேலைதான். எலுமிச்சையில இருக்கற சிட்ரிக் அமிலத்தைக் கரைச்சு அலசறவங்களும் உண்டு. நம்ம வீட்டுப் புளியில இருக்கற டார்டாரிக் அமிலமும் அதே வேலையைத்தான் செய்யுது. ஆனா அமிலத்துல ராத்திரி முழுக்க ஊறப்போடக் கூடாது. துத்தநாகம் முதல்ல கரைஞ்சு, மேல செம்பு மட்டும் மிஞ்சி, பித்தளை இளஞ்சிவப்பாயிடும்.

அமோனியா கலந்த பாலிஷை மட்டும் அவங்க தொடவே மாட்டாங்க. நல்லாப் பளபளன்னு ஆக்கும்தான். லாயத்துல நடந்ததைத் திரும்பவும் நடத்திக் காட்டும். இன்னொண்ணு: ராணுவத் தோட்டாக்கள்ல கழுத்துக்கிட்ட நீலமும் பழுப்பும் கலந்த ஒரு கறை இருக்கும். புதுசாப் பார்க்கறவங்க அழுக்குன்னு நினைச்சுத் தேய்ப்பாங்க. அது அழுக்கில்லை, கழுத்தைச் சூடாக்கி இறுக்கத்தை எடுத்ததோட தழும்பு. வேலை நடந்திருக்குன்னு தெரியட்டும்னுதான் அதைத் துடைக்காம விடறாங்க.

(நடுவுல ஒரு வார்த்தை. 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குற்றம். நான் வரலாறு சொல்றேன். யாரும் வீட்ல இறங்கிடாதீங்க.)

இப்போ எங்க குடோனுக்கு வாங்க. கூண்டுக் கோழிப்பண்ணையில கோழி மேல, எரு கீழ குவியும். மழைக்காலத்துல அந்தக் கொட்டகைக்குள்ள போனவங்களுக்குத் தெரியும், கண்ணு எரியும். அந்த எரிச்சல் அமோனியா. குதிரை இல்லை, கோழி, அவ்வளவுதான் வித்தியாசம். குடமும் தகட்டைத் தட்டித் தட்டி வளைச்சதுதான், அதுக்குள்ளயும் இறுக்கம் உண்டு. அதுக்குப் பக்கத்துல பரண்ல கிடந்த செம்பு அண்டா மேல பச்சை பிடிச்சிருந்ததே தவிர, ஒரு கீறல்கூட இல்லை. சுத்தமான செம்பு இந்த வகை விரிசலுக்குப் பித்தளை அளவுக்கு மசியாது. ஆய்வகத்துல கொடுத்துப் பார்க்கலைன்னாலும், எனக்கு இது போதும்.

ஆயா இப்போ இல்லை. போன தடவை ஊருக்குப் போனப்போ, இதையெல்லாம் அம்மாகிட்ட சொன்னேன். லாயம், மழை, தோட்டா, 1921 எல்லாத்தையும். குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. விரிசல் மேல கட்டைவிரலால ஒருதடவை தடவினாங்க.

"ஏண்டா, இதை உங்க ஆயா இருக்கறப்பவே படிச்சிருக்கக் கூடாதா?"ன்னு கேட்டாங்க.