கல், கட்டை விலைக்கு ஒரு மாளிகை

போயஸ் கார்டனில் இன்று கார்டன் எங்கே என்று கேட்டால் வாட்ச்மேன் சிரிப்பார். சென்னையில் 'கார்டன்' என்று முடியும் தெருக்கள் பல. தோட்டம் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டை நெரிசல் பிடிக்காமல் வெளியே வந்த கம்பெனி உத்தியோகஸ்தர்கள், ஏக்கர் கணக்கில் நிலம் வளைத்து நடுவில் தூண் வைத்த வீடு கட்டிக்கொண்டார்கள். துரை ஊருக்குப் போனதும் வீடு கைமாறும். பிறகு வாரிசு, வழக்கு, கடன், ஏலம். கடைசியில் மனை மனையாக விற்பனை. பெரும்பாலான தோட்டங்களின் கதை இவ்வளவுதான்.

அடையாற்றின் தென்கரையில் ஒரு தோட்டம் மட்டும் தேயாமல் வளர்ந்தது. ஹடில்ஸ்டன் தோட்டம். தியோசாபிகல் சொசைட்டி என்றால் உங்களுக்குச் சட்டென்று தெரியும்.

ஜான் ஹடில்ஸ்டன் கம்பெனியின் சிவிலியன். 1784-ல் திப்பு சுல்தானோடு மங்களூர் உடன்படிக்கை பேச மதராஸ் அனுப்பிய மூவரில் ஒருவர். அவருக்குப் பின் யார் யாரோ இருந்தார்கள். நமக்கு வேண்டியது 1882.

அந்த ஆண்டு மே 31 மாலை. பம்பாயிலிருந்து மதராஸ் வந்திருந்த அமெரிக்கக் கர்னல் ஆல்காட்டும் ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியும் தங்கள் சபைக்கு நிரந்தரமாக ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். நீதிபதி முத்துசாமி செட்டியாரின் மகன்கள், "ஆற்றங்கரையில் ஒரு பங்களா மலிவாக வருகிறது, பார்க்கிறீர்களா?" என்று அழைத்துப்போனார்கள். 27 ஏக்கர். பெரிய வீடு, ஆற்றோரம் இரண்டு சின்ன பங்களாக்கள், குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, கிடங்குகள், நீச்சல் குளம்கூட. மாமரமும் ஆலமரமும் நிழல் கட்டிய சாலை, ஒரு சவுக்குத் தோப்பு. விலை ஏறக்குறைய 600 பவுன். கட்டடத்தை இடித்துக் கல், கட்டையை விற்றால் என்ன வருமோ அதுதான் விலை என்று ஆல்காட்டே பின்னாளில் எழுதினார்.

இத்தனை மலிவு ஏன்? காரணம் ரயில். 1873-ல் மேட்டுப்பாளையம் வரை இருப்புப்பாதை போய்விட்டது. ஊட்டி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் பெரிய அதிகாரிகள் ஆண்டில் பாதியை மலையிலேயே கழித்தார்கள். மதராஸ் வெயிலில் அரண்மனை போன்ற பங்களாவைக் கட்டி மேய்க்க யாருக்கும் மனசில்லை. விலைக்குப் போட்டால் கேட்பாரில்லை. நீலகிரிக்குப் போன ரயில் அடையாற்றில் நில விலையைக் கவிழ்த்த கதை நம் பாடப் புத்தகங்களில் வருவதில்லை!

பணத்தில் ஒரு பகுதியை ஐயலு நாயுடு முன்பணமாகக் கொடுத்தார். மீதிக்குச் செட்டியார் கடன் ஏற்பாடு செய்தார். டிசம்பர் 19-ஆம் தேதி குடி வந்தாயிற்று.

குடி வந்த கையோடு வம்பும் வந்தது. மாடியில் பிளாவட்ஸ்கியின் அறையை ஒட்டிச் சுவரில் ஒரு மர அலமாரி மாட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களின் கடிதங்கள் அதற்குள் வந்து விழும் என்று பேச்சு. வீட்டு நிர்வாகம் பார்த்தவர்கள் கூலோம் தம்பதி. கணவருக்குத் தச்சுவேலை தெரியும். 1884-ல் சண்டை முற்றி வெளியேற்றப்பட்ட அந்த அம்மாள், பிளாவட்ஸ்கி எழுதியவை என்று சில கடிதங்களைப் பாதிரிமாரிடம் கொடுத்தார். அவை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் வெளிவந்தன. அலமாரிக்குப் பின்னால் சுவரில் திருட்டுக் கதவு இருந்ததா, இருந்தால் செய்யச் சொன்னது யார், தச்சர் தானாகவே செய்து வைத்த பொறியா? லண்டனிலிருந்து ஓர் அமானுஷ்ய ஆராய்ச்சிச் சங்கத்தின் சார்பில் விசாரிக்க வந்த ஹாட்ஜ்சன் மோசடி என்றே தீர்ப்பெழுதினார். 1986-ல் அதே ஆராய்ச்சிச் சங்கத்தின் பத்திரிகையில் வெர்னான் ஹாரிசன், ஹாட்ஜ்சனின் அறிக்கைதான் ஓட்டை என்று எழுதினார். அலமாரியோ அப்போதே எரிக்கப்பட்டுவிட்டது. பிளாவட்ஸ்கி 1885 மார்ச் கடைசியில் கப்பலேறினார். இந்தியா திரும்பவே இல்லை.

ஆல்காட் தங்கினார். 1886-ல் நூலகம் தொடங்கினார், பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார், 1907 பிப்ரவரியில் இதே வீட்டில் கண்மூடினார். அடுத்து தலைவரான அன்னி பெசன்ட் அம்மையார்தான் தோட்டத்தை உண்மையில் பெருக்கியவர். பக்கத்துத் தோட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து 27 ஏக்கரை இருநூற்றைம்பதுக்கு மேல் கொண்டுபோனார். பலர் நினைப்பதுபோல் தோட்டத்தின் புகழ்பெற்ற பெரிய ஆலமரம் ஆல்காட் வாங்கிய நிலத்தில் நின்றதல்ல. 1908-ல் இப்படிச் சேர்ந்த நிலத்தோடு வந்தது. 1989 புயலில் தாய் அடிமரம் சாய்ந்தது. விழுதுகள் தாங்கிக்கொண்டன.

1909-ல் இந்தத் தோட்டத்துக் கடற்கரையில்தான் சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்ணில் சிறுவன் ஜே.கிருஷ்ணமூர்த்தி பட்டான். சிறுவனைப் பெசன்ட் தன் பொறுப்பில் வளர்த்தார். மகனைத் திருப்பித் தரும்படி தந்தை போட்ட வழக்கில் மதராஸில் தோற்ற பெசன்ட், 1914-ல் பிரிவி கவுன்சிலில் வென்றார். 1936-ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியதும் இந்த மரநிழலில்தான். அவற்றுக்கெல்லாம் தனித்தனி வாரம் வேண்டும்.

மற்றவை துண்டுபட்டபோது இது மட்டும் எப்படி நின்றது? பக்தி, தத்துவம் என்று சொல்வார்கள். என் கணக்கு எளிது: சொத்து சபையின் பேரில் இருந்தது, பாகப்பிரிவினை கேட்கப் பேரன்மார் இல்லை.

அடுத்த முறை திரு.வி.க. பாலத்தில் தெற்கே போகும்போது பஸ்ஸின் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். ஆறு கடலை நெருங்கும் இடத்தில் தென்கரை முழுக்க மரமாகத் தெரிவது அந்தத் தோட்டம்தான்.

அடுத்த வாரம் வடகரைக்குப் போவோம்: ஆற்றைப் பார்த்து ஒரு கோட்டை வீடு கட்டி, அதே ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்த ஜேம்ஸ் பிராடியின் வீட்டுக்கு.