இரண்டு கட்டைகளுக்கு நடுவே

மனசில் ஒலிப்பதை விரலுக்குக் கொண்டுவருவது பியானோ கலைஞனின் அந்தரங்கப் போராட்டம் என்றே இசை வரலாறுகள் பெரும்பாலும் எழுதிவந்திருக்கின்றன. அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர் தெலோனியஸ் மங்க்கை (1917–1982) கேட்கும்போது எனக்கு இந்தக் கதையாடல் மீது சந்தேகம் வருகிறது. மனசுக்கும் விரலுக்கும் நடுவில் வேறு பலரும் நிற்கிறார்கள்.

முதலில் கருவி. பியானோவில் 88 கட்டைகள். ஒவ்வொன்றின் சுருதியும் முன்பே தீர்மானிக்கப்பட்டது. புளூஸ் பாடுகிறவர் குரலை வளைத்துத் தொடும் இடங்களோ இரண்டு கட்டைகளுக்கு நடுவே கிடக்கின்றன. மங்க் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து அடித்தார். சிலசமயம் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் ஒலிக்கவிட்டார். கருவியில் இல்லாத சுரம் காதில் விழுகிறது. அவர் விரல்களை வளைக்காமல் நீட்டி வாசித்ததையும் சேர்த்துப் பார்த்து, ‘இந்த ஆளுக்கு வாசிக்கவே தெரியலை’ என்றார்கள் அன்றைய விமர்சகர்கள் பலர். ஐரோப்பிய மேடையின் விரல் ஒழுக்கமே ‘திறமை’ என்பதன் அளவுகோலாக இருந்தது.

அடுத்தது அரசு. 1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் மது விற்கும் கிளப்புகளில் வாசிக்க ‘காபரே கார்டு’ வேண்டும். கைரேகை பதிந்து போலீஸிடம் வாங்கணும். பாடகி பில்லி ஹாலிடே 1947இல் அதை இழந்தார். 1951இல் நண்பர் பட் பவலோடு போதைப்பொருள் வழக்கில் கைதான மங்க்கிடமிருந்தும் பிடுங்கினார்கள். சுமார் ஆறு வருஷம், வாழ்ந்த நகரத்தின் கிளப்புகளிலேயே வாசிக்கத் தடை.

அந்தத் தடைக்காலத்தில்தான், 1956 கடைசியில், ‘பிரில்லியன்ட் கார்னர்ஸ்’ இசைத்தட்டு பதிவானது. சானி ராலின்ஸ், மாக்ஸ் ரோச் போன்ற தேர்ந்த கைகள் உடனிருந்தும், தலைப்பு உருப்படியை 25 முறை முயன்றும் முழுசாக வாசித்து முடிக்க முடியவில்லை. துண்டுகளை ஒட்டித்தான் வெளியிட்டார்கள். மங்க் மனசில் கேட்டதற்கும் கைகள் எட்டியதற்கும் உள்ள இடைவெளி அந்த ஒட்டுக்குள் இருக்கிறது.

1957இல் கார்டு திரும்பக் கிடைத்தது. ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்தார். 1958 அக்டோபரில் காரில் போகும் வழியில், டெலவேர் மாநிலத்தில் ஒரு விடுதியில் தண்ணீர் கேட்டு இறங்கினார். போலீஸ் வந்தது. அவரை அடித்தார்கள், கைகளிலும் அடித்தார்கள். கார்டு மறுபடியும் போய், 1960இல்தான் திரும்பி வந்தது.

‘கலைஞனின் அகம்’ பற்றிப் பேசுகிற நாம் இந்தக் கைகளையும் கணக்கில் சேர்க்கணும் என்பதுதான் நான் சொல்ல வருவது. கட்டைகளுக்கு நடுவே சுரம் தேடியதும் போலீஸிடம் அடி வாங்கியதும் ஒரே கைகள்தான்.