வதிவிடமும் கல்வியுரிமையும்: ஐக்கிய அமெரிக்காவின் வீடற்ற மாணவர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1868 ஆம் ஆண்டில் நூல்வடிவம் பெற்ற ஹொறேஷியோ அல்ஜரின் 'றாகெட் டிக்' என்னும் நாவல், அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்தில் மட்டுமன்றி அமெரிக்கக் கருத்தியலிலும் நிலையானதோர் இடத்தைப் பெற்றது. நியூயோர்க் வீதிகளிற் சப்பாத்துத் துடைத்துப் பிழைத்து, இரவில் மரப்பெட்டிக்குள் உறங்கும் சிறுவன் ஒருவன் நேர்மையாலும் முயற்சியாலும் எழுதுவினைஞனாக உயர்வதே அதன் கதை. முயன்றால் எவரும் முன்னேறலாம் என்னும் முதலாளித்துவ நம்பிக்கைக்கு இந்நாவல் நெடுங்காலம் சான்றாகக் காட்டப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அதனைக் கூர்ந்து படிப்போர் பிறிதொன்றையும் காணலாம். டிக் எழுத்தறிவு பெறுவது வீதியிலன்று. முதலில் அவன் ஓர் அறையை வாடகைக்கு எடுக்கிறான். படிப்பறிவுள்ள இன்னோர் ஏழைச் சிறுவனை அதிலே தங்கவைக்கிறான். அதற்குக் கைம்மாறாகவே பாடம் நடைபெறுகிறது. ஆசிரியர் தனிமனித முயற்சியைப் போற்ற, கதைநிகழ்ச்சியோ கூரையின் முதன்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறது. வீடற்ற இளைஞர் கல்வியைத் தொடர்ந்து நிறைவுசெய்வதெங்ஙனம் என்ற வினாவின் முழுச் சிக்கலும் இம்முரண்பாட்டிலே அடங்கியுள்ளது எனலாம்.

அல்ஜர் கண்ட சிறுவர்கள் கற்பனைப் பாத்திரங்களல்லர். 1853 இல் சார்ள்ஸ் லோறிங் பிறேஸ் என்னும் மதகுரு நியூயோர்க்கில் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். மறுவருடம் பத்திரிகை விற்கும் சிறுவர்க்கான தங்குமிடம் தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே நகரச் சிறுவர்களைப் புகைவண்டியில் ஏற்றி மேற்குப் பகுதிக் கமக்காரக் குடும்பங்களிடம் ஒப்படைக்கும் திட்டமும் ஆரம்பமாயிற்று. 1929 வரை நீடித்த இவ்வேற்பாட்டின்கீழ் ஏறத்தாழ இரண்டு இலட்சம் சிறுவர் இடம்பெயர்க்கப்பட்டனர். சிலர் அன்பான இல்லங்களைப் பெற்றனர். பலர் கூலியற்ற பண்ணை உழைப்பாளராயினர். 1872 இல் பிறேஸ் வெளியிட்ட நூலின் தலைப்பே இச்சிறுவர்களை நியூயோர்க்கின் 'அபாயகரமான வர்க்கங்கள்' எனக் குறித்தது. அதே 1872 இலேயே ஏங்கெல்ஸ் 'வீட்டுப் பிரச்சினை' குறித்த தமது கட்டுரைகளை எழுதத் தொடங்கினார் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பூர்சுவா வர்க்கம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகின்றது என்பது அவர் வாதம். சேரிகளைப் பற்றிக் கூறப்பட்ட இவ்வாதம், சேரிப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற புகைவண்டிகளுக்கும் பொருந்துவதாயிற்று.

இதே காலப்பகுதியிலேதான் பொதுப் பாடசாலை முறையும் வளர்ச்சியுற்றது. 1852 இல் மசாசூசெற்ஸ் மாநிலம் கட்டாயப் பாடசாலை வரவுச் சட்டத்தை இயற்றியது. 1918 இல் மிசிசிப்பியும் சேர்ந்துகொள்ள, அக்காலத்து மாநிலங்கள் அனைத்திலும் அது நடைமுறைக்கு வந்தது. ஆயின் அப்பாடசாலைகள் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியிலேயே தங்கியிருந்தன. எனவே பாடசாலை எல்லா மக்களுக்கும் உரியதாகக் கூறப்பட்டபோதிலும், நடைமுறையில் வரி செலுத்தும் வட்டாரத்தின் உடைமையாயிற்று. மாணவனின் உரிமை அவன் முகவரியோடு பிணைக்கப்பட்டது. 1973 இல், சான் அன்ரோனியோ வழக்கில், கல்வி அமெரிக்க அரசியலமைப்பின்கீழ் அடிப்படை உரிமையன்று என 5க்கு 4 என்ற பெரும்பான்மையால் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தமை இவ்வமைப்பை மேலும் உறுதிப்படுத்தியது. முகவரியற்ற பிள்ளையைப் பாடசாலைக்கு வரும்படி ஒரு சட்டம் கட்டளையிட, வதிவிடச் சான்று இல்லையென மற்றொரு விதி வாயிலில் நிறுத்தியது.

இவ்வரலாற்றில் விதிவிலக்கானதொரு கட்டமும் உண்டு. 1929 இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தின்போது வேலையும் வீடும் தேடி அலைந்து, சரக்குப் புகைவண்டிகளிற் களவாக ஏறித் திரிந்த இளைஞரின் தொகை இரண்டரை இலட்சம் என மதிப்பிடப்பட்டது. தொழிலாளர் இயக்கமும் இடதுசாரி இளைஞர் அமைப்புகளும் எழுச்சியுற்ற அச்சூழலில், 1935 இல் றூஸ்வெல்ற் அரசாங்கம் தேசிய இளைஞர் நிருவாகத்தை ஏற்படுத்தியது. பாடசாலையிலேயே பகுதிநேர வேலை கொடுத்து, உயர்நிலைப் பாடசாலை மாணவருக்கு மாதம் 6 டொலர் வரை அது வழங்கியது. சப்பாத்தும் மதிய உணவும் பயணக் கட்டணமும் இன்மையாலேயே பிள்ளைகள் படிப்பைக் கைவிடுகின்றனர் என்ற எளிய உண்மையை அரசு ஏற்றுக்கொண்டதன் வெளிப்பாடு அது. கறுப்பின மாணவருக்கான பிரிவை மேரி மக்லியோட் பெதூன் தலைமைதாங்கி நடத்தினார். போர்க்கால உற்பத்தி வேலையின்மையை நீக்கியதும், 1943 இல், அந்நிருவாகம் கலைக்கப்பட்டது. முதலாளித்துவத்துக்கு நெருக்கடி நீங்கியபோது நிவாரணமும் நீங்கியது.

1980களில் வீடின்மை மீண்டும் பேரளவில் தலைதூக்கியது. மலிவான வாடகை அறைகள் நகரப் புனரமைப்பின் பெயரால் இடிக்கப்பட்டன. 1981-82 பொருளாதாரப் பின்னடைவு வேலைகளைப் பறித்தது. றேகன் நிருவாகம் சமஷ்டி அரசின் வீடமைப்பு ஒதுக்கீடுகளைப் பெருமளவு வெட்டியது. இம்முறை வீதிக்கு வந்தோருட் குடும்பங்களும் பெருந்தொகையாக இருந்தன. நியூயோர்க் மாநிலத்தின் யோங்கேர்ஸ், மவுண்ற் வேர்ணன் ஆகிய அயல்நகரங்கள் இரண்டும் தம் வதிவாளர் அல்லவெனக் கூறி ஒரு பிள்ளையை ஏற்க மறுத்தமை 1987 இல் நீதிமன்றம்வரை சென்றது. இரு நகரங்களுக்கிடையே ஒரு பிள்ளை எந்நகரத்துக்கும் உரியதாகாது போனமை, முகவரியைக் கல்வியின் திறவுகோலாக்கிய முறைமையின் தருக்கரீதியான முடிவே ஆகும்.

அவ்வாண்டு யூலை 22 ஆம் திகதி றேகன் ஒப்பமிட்ட மக்கினி சட்டம் இப்பின்னணியிலேயே தோன்றியது. வீடற்றோருக்காக இயங்கிய அமைப்புகளின் நெடிய போராட்டம் இன்றி அது பிறந்திராது. வீடற்ற பிள்ளைகளின் கல்விக்குத் தடையாயுள்ள வதிவிட விதிகளை மாநிலங்கள் மீளாய்வு செய்தல் வேண்டுமென அது பணித்தது. 1990 ஆம் ஆண்டுத் திருத்தம் ஏனைய தடைகளையும் நீக்குமாறு வற்புறுத்தியது. ஆனால் சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, வாழ்வில் இருப்பது வேறு. வாஷிங்டன் தலைநகரப் பகுதியில் வீடற்ற பெற்றோர் தொடுத்த வழக்கில், இச்சட்டம் நீதிமன்றத்தால் நிறைவேற்றப்படக்கூடிய உரிமைகளை வழங்குகின்றது என 1994 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளின் பயணச் செலவை ஏற்குமாறு கட்டளையிடப்பட்டபோது, தலைநகர நிருவாகம் சமஷ்டி நிதியையே கைவிட்டு அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது, கட்டளையும் வலுவிழந்தது. நாட்டின் சட்டமன்றம் அமைந்த நகரத்திலேயே இது நிகழ்ந்தது.

2000 ஆம் ஆண்டில் மக்கினி-வென்ரோ சட்டம் எனப் பெயர்பெற்ற இச்சட்டம், 2002 சனவரியில் ஒப்பமிடப்பட்ட கல்விச் சட்டத்தின் மூலம் புதுவலுப் பெற்றது. ஆவணங்கள் இல்லாதபோதும் மாணவரை உடனடியாகச் சேர்த்தல், இடம் மாறினாலும் முன்பு கற்ற பாடசாலையிலேயே தொடர அனுமதித்தல், அதற்கான போக்குவரத்தை ஏற்பாடு செய்தல், ஒவ்வொரு பாடசாலை மாவட்டத்திலும் இணைப்பாளர் ஒருவரை நியமித்தல் ஆகியன கட்டாயமாயின. பெற்றோரைப் பிரிந்து தனித்து வாழும் இளைஞரும் இவற்றுக்கு உரியராயினர். 2007 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அத்தகையோர் பெற்றோரின் வருமான விபரமும் கையொப்பமும் இன்றியே பல்கலைக்கழக நிதியுதவி கோர வழிசெய்தது. 2015 ஆம் ஆண்டுத் திருத்தம் மற்றுமொரு நுட்பமான தடையை இனங்கண்டது. தவணை நடுவே பாடசாலை மாறுபவன், அதுவரை கற்ற பாடங்களுக்கான புள்ளிகளை இழந்து, பட்டமளிப்புக்குத் தகுதியற்றவனாகிவிடுகிறான். அரைகுறையாய் நின்ற பாடத்துக்கும் உரிய மதிப்பை வழங்க வேண்டும் என்பது அப்போது விதியாயிற்று. வீடற்ற மாணவரின் பட்டமளிப்பு வீதத்தைத் தனியாக வெளியிடலும் கட்டாயமாயிற்று. அதன் பயனாகவே, மாணவர் யாவரிலும் நூற்றுக்கு 85 பேரளவில் உயர்நிலைக் கல்வியை நிறைவுசெய்ய, வீடற்றோரில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவிலேயே அதனை எட்டுகின்றனர் என்பது வெளிப்பட்டது.

இங்கு நம் முற்போக்கு வட்டங்களில் எழக்கூடிய ஓர் ஆட்சேபனையை எதிர்நோக்குதல் அவசியம். வீட்டைத் தராமல் வாகனத்தைத் தரும் சட்டம் வெறுஞ் சீர்திருத்தமன்றோ, முதலாளித்துவத்தின் புண்ணுக்கு இட்ட களிம்பன்றோ எனச் சிலர் வினவலாம். ஆட்சேபனையில் உண்மையில்லாமலில்லை. 2022-23 கல்வியாண்டில் வீடற்றோராகப் பதிவான மாணவர் ஏறத்தாழ 14 இலட்சம். 2023 நிதியாண்டில் இக்கல்வித் திட்டத்துக்கான சமஷ்டி ஒதுக்கீடு 12.9 கோடி டொலர். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு நூறு டொலரும் இல்லை. 1935 இன் 6 டொலர் இன்றைய விலைவாசியில் நூறு டொலருக்கு மேற்பட்டது. அது மாதந்தோறும் மாணவனின் கையிலே சேர்ந்தது. மேலும், இம்மாணவருள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டி வாழ்பவர். கல்விச் சட்டம் அவர்களை வீடற்றோராக ஏற்கின்றது. வீடமைப்புத் திணைக்களத்தின் வரைவிலக்கணமோ அவர்களுட் பெரும்பாலோரை ஏற்பதில்லை. பாடசாலை வாயிலில் வீடற்றவனாயிருப்பவன் வீடு கோரும்போது வீடுள்ளவனாகிவிடுகிறான்.

எனினும், இவற்றைக் கொண்டு சட்டத்தை நிராகரித்தல் இயங்கியல் நோக்காகாது, அது பொறிமுறைவாதமே. உடனடிச் சேர்ப்பும் தொடர்ந்து ஒரே பாடசாலையும் ஒரு மாணவிக்கு நான்கு ஆண்டுகளை மீட்டுக்கொடுக்கின்றன. தன்னையறிந்த ஓர் ஆசிரியரை இழக்காமற் காக்கின்றன. அவள் பெறும் சான்றிதழ் பூர்சுவா அரசின் நன்கொடையன்று. வழக்காடிய தாய்மாரும் கிளர்ச்சி செய்தோரும் ஈட்டியது. அதேவேளை, அவ்வெற்றியின் எல்லை எங்கே நிற்கின்றது என்பதையும் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. சொத்துக்கும் கல்விக்கும் இடையிலான பிணைப்பில் ஒரு கண்ணியே அறுக்கப்பட்டுள்ளது. வீடு இன்னும் சந்தைப் பண்டமாகவே உள்ளது.

1945 முதல் இலவசக் கல்வியைப் பெற்றிருந்தும், முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வாக்காளர் இடாப்பையும் உறுதிப் பத்திரத்தையும் ஏந்திக் காத்துநிற்கும் பெற்றோரை நாம் அறிவோம். ஆதலின் முகவரிக்கும் கல்விக்குமுள்ள உறவை ஆராய்தல் நமக்கு வெறும் அயல்நாட்டு ஆய்வாகாது. அல்ஜரின் நாயகன் நீரில் வீழ்ந்த செல்வந்தன் மகனைக் காப்பாற்றியதாலேயே உத்தியோகம் பெற்றான். அத்தகைய தற்செயலை எதிர்பாராது, எந்தப் பிள்ளையும் அமர்ந்து படிக்க ஓர் அறையையும் தொடர்ந்து செல்ல ஒரு பாடசாலையையும் சமுதாயக் கடமையாக்குதலே எஞ்சியுள்ள பணியாகும்.