பூத்த சுவரும் பூத்த ஏடும்

இடவப்பாதி மழை தொடங்கி மூன்று வாரங்கள் கழிந்திருந்தன. கழக்கூட்டத்தில் நான் குடியிருக்கும் வாடகை அறையின் வடக்குச் சுவரில் வெண்மையாக ஏதோ படர்ந்திருந்தது. சுவரை ஒட்டிய அலமாரியில் என் கள ஆய்வுக் குறிப்பேடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றிலும் அதே வெண்மை. பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். மை கரைந்து பதினொரு பக்கங்கள் அழிந்தன. அச்சொற்களை எனக்குச் சொல்லித் தந்த மூதாட்டி சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். இனி யாரிடமும் கேட்டு அவற்றை நிரப்ப இயலாது.

சுவரில் கண்டது உப்பு, ஏட்டில் கண்டது பூஞ்சை என்பதைப் பின்னரே அறிந்தேன். தமிழ் இரண்டுக்கும் ஒரே வினையைத்தான் தருகிறது. சுவர் உப்புப் பூக்கிறது, ஊறுகாய் பூத்துப்போகிறது, தணல்கூட நீறு பூக்கிறது. பரப்பின்மேல் வெண்மை அரும்புவதை 'பூத்தல்' அழகாகச் சொல்கிறது. அரும்பியது எது என்று அது கேட்பதில்லை. நான் வாழும் ஊரின் மலையாளம் ஓரளவு பிரித்துப் பேசுகிறது. உணவிலும் தோலிலும் படர்வது 'பூப்பல்'. ஈரத்துடன் மடித்து வைத்த வேட்டியில் விழும் கரும்புள்ளி 'கரிம்பன்'.

ஆங்கிலத்தில் இப்பிரிவினை 'மோல்டு', 'மில்டியூ' என்று வழங்குகிறது. பின்னதன் பழைய பொருள் தேன்பனி, அதாவது இலைகளில் காணப்படும் இனிய பிசுபிசுப்பு. பின்னர் அச்சொல் பயிர்நோயைக் குறித்தது. அதன்பின் வீட்டுக்குள் நுழைந்தது. பயிர்நோயாகிய மில்டியூவை நம் வேளாண் நூல்கள் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் என்கின்றன. திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக மில்லார்தே 1885இல் அறிவித்த துருசும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை இன்றும் கேரளத்தின் கமுகுக்கும் மிளகுக்கும் தெளிக்கப்படுகிறது. அந்நோயின் உயிரிகளுக்கு உயிருள்ள செடி வேண்டும். அவை சுவரிலோ சட்டையிலோ வளரா. ஆகவே வீட்டில் மில்டியூ எனப்படுவது மேற்பரப்பில் தட்டையாகப் படர்ந்த பூஞ்சையே. அங்கே இன வேறுபாட்டைவிட ஆழ வேறுபாடே முக்கியம்: பரப்போடு நிற்கிறதா, பொருளுக்குள் இறங்கிவிட்டதா?

இவ்வினா பழையது. விவிலியத்தின் லேவியர் நூல் 14ஆம் அதிகாரம், சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழும் 'வீட்டுத் தொழுநோயை'ப் பேசுகிறது. பூஞ்சை என்றே பலர் கருதும் அதற்கு வகுக்கப்பட்ட முறை இது: வீட்டை ஏழு நாள் பூட்டிவைக்க வேண்டும், பரவினால் கல்லைப் பெயர்த்துச் சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும், மீண்டும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும். பூஞ்சை தானாகத் தோன்றுவதில்லை, வித்துகளிலிருந்தே முளைக்கிறது என்பதை 1729இல் மிக்கேலி, முலாம்பழத் துண்டுகளில் வித்துகளைத் தூவி வளர்த்துக் காட்டினார்.

நம்மவர் விடையை அறிய, கழக்கூட்டத்துக்கு அருகே காரியவட்டத்தில் உள்ள கேரளப் பல்கலைக்கழகக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்குச் செல்லலாம். அதன் முன்னோடியான வெளியீட்டுத் துறையை நடத்திய த. கணபதி சாஸ்திரி, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணலிக்கரையில் கிடைத்த ஓலைச்சுவடியைக் கொண்டு, பாசனுடையவை என்று தாம் கருதிய நாடகங்களை 1912 முதல் பதிப்பித்தார். ஆண்டுக்கு இரு பருவமழை பெறும் நிலத்தில் ஓலை நின்றது தற்செயலன்று. அடுப்புப் புகை படும் பரண், ஏட்டில் தடவிய எண்ணெய், கட்டில் வைத்த வசம்பு, அவ்வப்போது பிரித்துக் காற்றாட வைத்தல், நைந்ததைப் படியெடுத்தல் என்று தொடர்ச்சியான பராமரிப்பு இருந்தது. சுவருக்கும் அத்தகைய பராமரிப்பு உண்டு. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. காற்றுபட்டுக் காரம் குறையும். ஆண்டுதோறும் வெள்ளையடித்த வழக்கம் அக்காரத்தைப் புதுப்பித்தது. ஓட்டுக்கூரையின் இடுக்குகள் ஈரக்காற்றை வெளியேற்றின. இன்று கான்கிரீட் கூரை, அடைத்த சன்னல், பூஞ்சை உண்ணத்தக்க கரிமப் பசை கொண்ட எமல்ஷன் வண்ணம் ஆகியவற்றோடு வாழும் நாம் வெள்ளையடிப்பையும் கைவிட்டோம்.

எனவே, கண்டதும் துடைக்காதீர்கள். சுவரின் வெண்மைமீது சிறிது நீர் தெளியுங்கள். கரைந்தால் பெரும்பாலும் உப்பு. உலர்ந்தபின் தூரிகையால் தட்டிவிட்டு, நீர்க்கசிவைத் தேடுங்கள். கரையாவிட்டால் பூஞ்சை. ஓடு, கண்ணாடி போன்ற கடினப் பரப்பில் சோப்புநீர் போதும். சுரண்டினால் பூச்சு உதிர்ந்து, உள்ளேயும் கறை தெரிந்தால் பூச்சையே பெயர்க்க வேண்டும். பிளீச்சிங் கரைசலை அமிலத்தோடோ அம்மோனியாவோடோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு எழும்.

தாளுக்கு நீர் ஆகாது. பூத்த ஏட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, நிழலில், காற்றோட்டத்தில் முழுதும் உலர விடுங்கள். பின் முகக்கவசம் அணிந்து, வெளியிடத்தில் மென்தூரிகையால் தள்ளுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன், ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். ஓலைக்காரர்கள் படியெடுத்தார்கள். கையில் கைப்பேசி இருந்தும் நான் அதைச் செய்யவில்லை.