திமிங்கிலம் விட்டுச் சென்ற இடம்

டோபி காட் என்னும் பெயரிலுள்ள ‘காட்’ நம் தமிழ்க் காடன்று. படித்துறையைக் குறிக்கும் இந்திச் சொல். வண்ணார்துறை என்று சொன்னால் பொருள் தெளிவாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த வெளியில் உலர்த்தினர். ஓடை பின்னாளில் ஸ்டாம்ஃபர்டு கால்வாயாயிற்று. 1987-இல் திறக்கப்பெற்ற எம்.ஆர்.டி. நிலையம் இன்று துறையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1887-இல், இத்துறையிலிருந்து சில நிமிட நடைத் தொலைவில், ஸ்டாம்ஃபர்டு சாலையில் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் கட்டடம் எழுந்தது. கடலுயிர்களைப் பற்றிச் சிங்கப்பூர்ப் பொதுமக்கள் கண்ணாற் கண்டு கற்ற பள்ளி அதுவே எனலாம்.

1892-இல் மலாக்காக் கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. அதன் எலும்புகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. ஆயின் அவற்றை வைக்க இடமில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, கட்டடத்தை விரிவாக்கிய பின்னர், 1907-இல் இயக்குநர் ஹானிட்ஷ் காலத்தில் 42 அடி நீள எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்கவிடப்பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதனை அண்ணாந்து பார்த்தனர்.

விடுதலைக்குப் பின் அரும்பொருளகத்தின் நோக்கம் மாறியது. வரலாற்றுக்கும் கலைக்கும் முதலிடம் தரப்பெற்றது. புதிதாய்ப் பிறந்த நாடு தன் மக்களின் கதையைச் சொல்ல விழைந்ததில் குற்றமில்லை. ஆனால் அதற்காக உயிரினத் தொகுப்பு முழுவதும் வெளியேற வேண்டியதாயிற்று. 1972-இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. திமிங்கிலமோ 1974-இல் மலேசியாவுக்கு அன்பளிப்பாகச் சென்றது. பின்னர் லபுவான் கடல் அரும்பொருளகத்தை அடைந்தது.

இத்தொகுப்பை வெறும் செத்த உயிர்களின் குவியல் என்று எண்ணுதல் கூடாது. ஓர் இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் சூட்டும்போது சான்றாக வைக்கப்பெறும் உடலை மூலமாதிரி என்பர். அது தொலைந்தால், பின்வருவோர் ஐயம் தீர்க்க வழியில்லை. மூலச் சுவடி செல்லரித்துப் போனபின் பாடபேதம் ஆராய்வோர் படும் இடர்ப்பாட்டைத் தமிழாசிரியர் நன்கு அறிவர். அத்தகைய மூலமாதிரிகள் பல இத்தொகுப்பில் இருந்தன. நிலையான இடமின்றி அது கட்டடம் விட்டுக் கட்டடம் மாறியது. நன்யாங் பல்கலைக்கழகத்தின் பழைய நூலகத்திலும் சிலகாலம் தங்கியது. கண்ணாடிக் குடுவைகளிலுள்ள சாராயம் நம் நாட்டு வெப்பத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பார்த்துப் பார்த்து நிரப்பாவிட்டால் உள்ளிருக்கும் மீனும் நண்டும் கெட்டொழியும். அவ்வாண்டுகளில் பொறுப்பேற்றுக் காத்தவர் திருமதி யாங் சாங் மான். 1980-களின் இறுதியில்தான் தொகுப்புக்குக் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் நிலையான இடம் அமைந்தது. அறிஞர்க்கு அது பிழைத்தது, பொதுமக்களுக்கோ கண்மறைவாயிற்று.

கேனிங் குன்றின் அடியில் 1955-இல் திறக்கப்பெற்ற வான் கிளீஃப் மீன்காட்சியகமும் நிலைக்கவில்லை. டச்சுக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற செல்வத்தில் எழுந்த அது 1991-இல் மூடப்பெற்று, தனியார் முயற்சியால் சிலகாலம் மீண்டும் திறந்திருந்து, 1998-இல் இடிக்கப்பட்டது.

இவ்வாறு நகர் நடுவிலிருந்து விலகிய கடலறிவு கடலோரத்தையே நாடிச் சென்றது. செயின்ட் ஜான்ஸ் தீவில் 2002-இல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. 1874 முதல் நோய் தடுக்கும் பொருட்டுக் கப்பற் பயணிகளைத் தனிமைப்படுத்திய தீவு அது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர் பலர் ஊருக்குள் கால்வைக்குமுன் அங்கே நாட்களை எண்ணிக் காத்திருந்தனர். அதே கரையில் இன்று பவளமும் பெருஞ்சிப்பியும் ஆராயப்படுகின்றன. 2010 முதல் 2015 வரை நடைபெற்ற கடலுயிர்க் கணக்கெடுப்பில் அறிஞரோடு பொதுமக்களும் தொண்டர்களாய்ச் சேற்றில் இறங்கினர்.

பொதுமக்களின் ஆர்வம் அவியவில்லை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 2009-ஆம் ஆண்டு அனைத்துலக அரும்பொருளக நாளில், கெண்ட் ரிட்ஜிலிருந்த சிறிய காட்சிக்கூடத்துக்கு ஒரே நாளில் 3,000 பேருக்கு மேல் திரண்டு வந்தனர். அக்கூட்டமே பெருங்கொடைகளுக்கு வழிதிறந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 10 மில்லியன் வெள்ளி அளித்தார். லீ அறநிறுவனம் 25 மில்லியன் தந்தது. 2015 ஏப்ரலில் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் திறக்கப்பட்டது. யாரும் பாராத தொகுப்புக்கு யார்தான் பணம் தருவர்? ஆராய்ச்சி காத்ததைப் பார்வையாளரே வாழவைத்தனர்.

ஆயினும் பழைய திமிங்கிலத்தின் இடம் வெறுமையாகவே இருந்தது. மூன்றே மாதங்களில், 2015 ஜூலை 10 அன்று, ஜூரோங் தீவுக்கு அப்பால் 10.6 மீட்டர் நீளமுள்ள எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. அவ்வகை சிங்கப்பூர்க் கடலில் காணப்பட்டது அதுவே முதன்முறை. கப்பல் மோதிய காயம் அதன் உடலில் இருந்தது. வயிற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணவாய் அலகுகளும், அவற்றோடு பிளாஸ்டிக் குவளையும் பொட்டல உறைகளும் கிடைத்தன. 2016 மார்ச்சு முதல் அதன் எலும்புக்கூடு மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றுள்ளது. டோபி காட்டில் வட்டப் பாதை இரயிலேறிக் கெண்ட் ரிட்ஜில் இறங்கும் மாணவர் அதனை இன்று அண்ணாந்து பார்க்கலாம்.