இளம்பிள்ளை வாத வைரஸின் குருதிவழிப் பரவல்

1. நரம்புவழிக் கொள்கை

இளம்பிள்ளை வாதத்துக்குக் காரணமான போலியோ வைரஸ், என்டரோவைரஸ் எனப்படும் குடல் வைரஸ் இனத்தைச் சேர்ந்தது. 1908-இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டைனரும் பாப்பரும் இந்நோயைக் குரங்குகளுக்குத் தொற்றவைத்துக் காட்டினர். அதன்பின் முப்பது ஆண்டுகளாக, மூக்கில் நுழையும் வைரஸ் நரம்பைப் பற்றியே மூளைக்கு ஏறுகிறது என்ற கருத்தே கோலோச்சியது. நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தின் சைமன் பிளெக்ஸ்னர் அதன் முதன்மை ஆதரவாளர். அவருடைய ஆய்வகத்து வைரஸோ, குரங்கின் மூளையிலேயே மாற்றி மாற்றி வளர்க்கப்பட்டு நரம்புத் திசுவுக்கே பழகிப்போனது. தவறு அங்கேதான் தொடங்கியது.

2. குருதியில் தேடல்

1943-இல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் நோய் பரவியபோது, யேல் பல்கலைக்கழகக் குழுவினர் 111 நோயாளிகளின் குருதியைச் சோதித்தனர். ஒரே ஒருவரிடம் மட்டுமே வைரஸ் கிடைத்தது. அவருக்கும் லேசான அறிகுறிகளே இருந்தன. குருதியில் வைரஸ் இல்லை என்று முடிவுகட்ட இதுவே போதுமென்று பலர் கருதியிருப்பார்கள். அக்குழுவிலிருந்த டோரதி ஹார்ஸ்ட்மன் அப்படி விடவில்லை. வாதம் வந்தபின் தேடுவதுதான் பிழையோ என ஐயுற்றார். குரங்குகளுக்கும் சிம்பன்சிகளுக்கும் வாய்வழியே வைரஸைக் கொடுத்து, உடனடியாகக் குருதி எடுக்கத் தொடங்கினார். சில நாள்களிலேயே வைரஸ் தென்பட்டது. வாதம் தோன்றும் வேளையில் எதிர்ப்பொருள்கள் பெருகி அது மறைந்திருந்தது. இம்முடிவு 1952-இல் வெளிவந்தது. பால்டிமோரில் டேவிட் போடியனும் அதே ஆண்டில் இதையே தனியாகக் கண்டறிந்தார். ஹார்ஸ்ட்மனின் பெயர் தடுப்பூசி தந்த சால்க்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

3. பரவலும் தடுப்பும்

வாய்வழி புகும் வைரஸ் தொண்டைச் சதையிலும் சிறுகுடலின் பேயர் திட்டுகளிலும் பெருகி, நிணநீர்க் கணுக்கள் வழியாகக் குருதியில் சிறிதளவு கலக்கிறது. பிற திசுக்களில் மீண்டும் பெருகி, இரண்டாம் முறை பேரளவில் குருதிக்குத் திரும்புகிறது. காய்ச்சலும் தலைவலியும் பெரும்பாலும் அப்போது வருபவை. தொற்றியவர்களில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே அது தண்டுவடத்தை எட்டி வாதம் உண்டாக்குகிறது.

ஆகவே குருதியிலேயே மறித்தால் நரம்பைக் காக்கலாம். 1951-52-இல் வில்லியம் ஹாமன் ஏறத்தாழ 55,000 குழந்தைகளிடம் நடத்திய காமா குளோபுலின் சோதனையில், ஊசியில் ஏற்றிய எதிர்ப்பொருள் சில வாரங்களுக்கு வாதத்தைத் தடுத்தது. 1955-இல் வந்த சால்க் தடுப்பூசி, அந்த எதிர்ப்பொருளை உடலே உண்டாக்கிக்கொள்ளச் செய்தது. குடலில் வைரஸ் வளர்வதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை.

4. ஒரு விலக்கு

நரம்புவழி முற்றிலும் பொய்யன்று. தொற்றுக் காலத்தில் தசையில் ஊசி போட்ட குழந்தைகளுக்கு, ஊசி போட்ட அதே காலிலோ கையிலோ வாதம் வந்ததை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். காயப்பட்ட தசையிலிருந்து வைரஸ் இயக்க நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறுகிறது. அத்தசைக்கு அதைக் கொண்டுவந்து சேர்ப்பது குருதியே.