பெட்ரோல் விலையும் பொதுப் போக்குவரத்தும்



ஒரு பண்டத்தின் விலை மக்களின் மனத்தை மாற்றுமா? மாற்றும். ஆனால் மாறிய மனம் நிலைத்து நிற்குமா என்பது வேறு வினா. இவ்விரண்டிற்கும் விடை தரும் வரலாறு ஒன்றை இன்று கூற விரும்புகிறேன்.

1946ஆம் ஆண்டில் அமெரிக்க நகரங்களில் பஸ், டிராம், ரயில் ஆகியவற்றில் மக்கள் மேற்கொண்ட பயணங்கள் ஏறத்தாழ 2,300 கோடி. உலகப் போர் முடிந்து பெட்ரோல் பங்கீடு நீங்கியிருந்தும், புதிய கார்கள் போதிய அளவு கிடைக்காத காலம் அது. பின்னர் கார்கள் பெருகின. பெட்ரோலும் மலிவாகவே கிடைத்தது. 1972இல் அத்தொகை 700 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. பஸ் என்பது கார் வாங்க இயலாதவர்க்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. பயணிகள் குறையவே வருமானம் குறைந்தது, பஸ்களும் குறைந்தன. வேறு வழியற்ற முதியோரும் ஏழைகளுமே அதனால் துன்புற்றனர்.

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தன. பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் நிலையங்களில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. பஸ்ஸை மறந்திருந்தோர் அதனை நாடினர். பஸ்களின் அன்றாடச் செலவுக்கும் மத்திய அரசாங்கம் உதவ வழிசெய்யும் சட்டம் அவ்வாண்டு நவம்பரில் பிறந்தது. எனினும் 1986இல் எண்ணெய் விலை சரிந்தது, நாட்டமும் தளர்ந்தது. 1946ஆம் ஆண்டின் நிலையை அந்நாடு மீண்டும் எட்டவே இல்லை.

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தார் சென்ற வழி வேறு. 1973 மே மாதத்தில், எண்ணெய் நெருக்கடிக்கு முன்னரே, அவர்கள் சுரங்க ரயில் திட்டத்தை வாக்களித்து மறுத்திருந்தனர். 1977இல் இருக்கின்ற டிராமையும் பஸ்ஸையும் விரைவுபடுத்த 20 கோடி பிராங்கு செலவிட இசைந்தனர். சாலைச் சந்திப்பை டிராம் நெருங்கும்போதே அதற்கு வழிவிடுமாறு சைகை விளக்குகள் அமைக்கப்பட்டன. 1990இல் புறநகர் ரயிலும் வந்தது. ரயில், டிராம், பஸ் அனைத்திற்கும் ஒரே டிக்கெட் செல்லும். பெட்ரோல் விலை இறங்கிய நாட்களிலும் அங்கே டிராம்கள் வெறுமையாக ஓடவில்லை. கார் உடையோரும் இல்லாதோரும் அருகருகே அமர்ந்து செல்கின்றனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? விலையேற்றம் மக்களைப் பஸ் நிறுத்தம் வரை அழைத்து வரும். அங்கே பஸ் குறித்த நேரத்தில் வந்தால்தான் அவர்கள் மறுநாளும் வருவார்கள். ஆதலால், பெட்ரோல் விலை ஏறும்போது மட்டுமன்றி, இறங்கும்போதும் பஸ்ஸைப் பற்றிச் சிந்திக்கும் குடிமக்களாக நீங்கள் வளர வேண்டும்.